இரண்டு பக்கமும் சிங்கம்

என் கணவர் மேல் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது அவருடைய தூக்குப்போசியைக் கழுவும்போது. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை அவருக்கு. காலையில் போசியின் அடுக்குகளில் சோறும் குழம்பும் அடைத்துக் கொடுப்பேன். பொழுது சாயும் நேரத்தில் வெறும் போசி வீட்டுக்கு வரும். அன்றைக்கு அடி அடுக்கில் ஒரு பருக்கைகூட இல்லை. துணி போட்டுத் துடைத்ததுபோல இருந்தது. சாப்பிட்ட போசியை எந்த நாளும் துடைத்துக் கொண்டுவரும் பழக்கம் அவருக்கு இல்லை. சாம்பலைப் போட்டுத் தேய்த்தபோது விரலில் ஏதோ குத்தியது. வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிமனாக, வெள்ளையாக, ஸ்பிரிங்போலச் சுருண்டிருந்த ஓர் உலோகச் சீவல்.

அவர் சட்டையிலும் தலையிலும் இரும்புச் சுருள் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம்தான். அது கறுப்பாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கும். ஈரம் பட்டால் மறுநாளே துருவேறிவிடும். இதை ஈரத்தோடு ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன். நாட்கள் போயும் வெள்ளையாகவே கிடந்தது. இந்த வெள்ளையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே சுருக்குப்பையைத் திறந்தபோது பதில் கையில் வந்து விழுந்தது. ரூபாய்க் காசின் நிறம்.

ரூபாய்க் காசை ஏன் ஒருவர் லேத்தில் மாட்டிக் கடைய வேண்டும்? அதை ஏன் போசிக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டும்?

இந்தக் கேள்விகள் வேறொரு வீட்டில் வந்திருந்தால் அந்தப் பெண் புருஷனிடமே கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. காரணம், எங்கள் வீட்டைப் பற்றி ஊரில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. அது தொடங்கியது என்னால், என் கைக்கு வந்த ஒரு நாலணாவால்.

கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்கும் வாளையாற்றுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கடலையும் சோளமும் போட்டிருந்தோம். சந்தை நாளில் நான் முட்டை கொண்டுபோய் விற்பேன். ஒரு நாள் விற்றுவிட்டு வரும் வழியில் பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் துணிசோப்பு வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தேன். கடைக்காரர் மலையாளி. அதில் ஒரு நாலணாவை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஈ பைசா எடுக்கில்லா சேச்சி. இது கள்ளப் பைசா.”

பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வேறு காசு கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது அவசரநிலைக் காலம். வேலியோரம் நின்று விலைவாசியைப் பற்றிப் பேசினால்கூட யார் காதில் விழுமோ என்று சுற்றிலும் பார்த்துக்கொண்ட நாட்கள். ‘கள்ள’ என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் தன் பெயரோடு ஒட்டிக் கேட்க யாருக்குத்தான் பிடிக்கும்?

வீட்டில் நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு பக்கம் எல்லா நாலணாவையும் போலச் சிங்கத் தலை மேலெழும்பி இருந்தது. திருப்பினால் இருபத்தைந்து என்ற எண் இருக்க வேண்டும். இல்லை. அங்கேயும் சிங்கம். ஆனால் எழும்பி இருக்கவில்லை. களிமண்ணில் காசை அழுத்தி எடுத்தால் விழும் பள்ளம்போல உள்வாங்கி இருந்தது. எழுத்துகளும் பள்ளம். அதுவும் இடம் வலம் மாறிக் கிடந்தன.

அதைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கணவர் வந்ததும் காட்டினேன். அவர் வாசல் வெளிச்சத்துக்குப் போனார். அப்படியே நின்றார்.

“புள்ள, அந்த மொகம் பாக்கற கண்ணாடிய எடுத்துட்டு வா.”

பள்ளப் பக்கத்தைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிக்குள் எழுத்துகள் நேராகிவிட்டன. சிங்கம்கூட எழும்பி நிற்பதுபோலத் தெரிந்தது.

“இது கள்ளக்காசு இல்ல,” என்றார்.

“கடைக்காரரு வாங்க மாட்டேனுட்டாருங்க மாமா.”

“அவுருக்கு என்ன தெரியும்? நீயே யோசிச்சுப் பாரு. கள்ளக்காசு அடிக்கறவன் ஊர ஏமாத்தோணும்னா நல்ல காசு மாதிரித்தான அடிப்பான்? ரெண்டு பக்கமும் சிங்கத்தப் போட்டு, அதுல ஒண்ணப் பள்ளமா வேற அடிச்சு, என்னயப் புடிங்கன்னா சொல்லுவான்?”

 அவர் தரையில் உட்கார்ந்து விளக்கினார். அவருடைய தொழிற்சாலையில் தகரத்தில் மூடி அடிக்கும் பிரஸ் ஒன்று உண்டு. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் தகட்டை வைத்து அடிக்க வேண்டும். அடித்த மூடி சில சமயம் கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்த தகட்டை வைத்து அடித்தால், அதன் மேல் பக்கம் அச்சு படாது. ஒட்டிக்கொண்டிருக்கும் மூடிதான் படும். அதன் மேடெல்லாம் இதில் பள்ளமாகும். இடது வலதாகும்.

“நாணயச் சாலையிலயும் மெஷின்தான புள்ள? அங்கயும் இப்புடித்தான் ஆயிருக்கும். இதுக்கு முந்தி அடிச்ச நாலணா அச்சுலயே ஒட்டிக்கிச்சு. அது இதும்மேல உளுந்துருக்குது. சர்க்காரோட தப்பு இது. நம்ம தப்பு இல்ல.”

கண்ணாடியில் அதை இன்னொரு முறை நானே பிடித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சர்க்காரின் தப்பு நம் வீட்டில் இருப்பது நமக்கு நல்லதா என்று ஒரு பயம் உள்ளே ஓடியது.

அன்றிலிருந்து அவருக்கு அது பித்தாகிவிட்டது. பஸ் கண்டக்டர்களிடமும் கள்ளுக்கடையிலும் சொல்லிவைத்தார். செல்லாது என்று ஒதுக்கிய காசை நல்ல காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். பால்பவுடர் டப்பா ஒன்று நிரம்ப ஆரம்பித்தது. ஓரத்தில் தள்ளி அடிபட்டு ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்த பத்துப் பைசா. அச்சு விரிசல் விட்டதால் சிங்கத்தின் தாடையிலிருந்து விளிம்புவரை மெல்லிய கோடு புடைத்து நின்ற எட்டணா. கோடு பள்ளமாக இருந்தால் யாரோ கீறியது, புடைத்திருந்தால் அச்சின் விரிசல் என்பார். நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொல்வார். நானும் பழகிக்கொண்டேன். சிங்கப் பக்கத்தை மேலே பிடித்து, புத்தகத் தாளைப் புரட்டுவதுபோலக் காசைத் திருப்பினால் பின்பக்க எண் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அச்சைப் பொருத்தியவன் சரியாகப் பொருத்தவில்லை என்று அர்த்தம்.

காசு விஷயத்தில் எங்கள் பக்கத்து ஜனங்கள் முன்பே ஒரு மாதிரியாக இருந்தார்கள். தாமரைப் பூப்போட்ட மஞ்சள் இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டு, பாதிப் பேர் அதைப் பானையில் போட்டு மூடிவைத்திருந்தார்கள். இந்த ஊரில் ஒருவர் செல்லாக்காசை நல்ல காசு கொடுத்து வாங்குகிறார் என்றால் சும்மா விடுவார்களா? மாட்டுக்கொட்டகைச் சார்ப்பில் அவர் ஒரு வைஸ் முடுக்கி வைத்திருந்தார். பம்புசெட்டுச் சாமான்களைப் பிடித்து ராவவும் நிமிர்த்தவும் அது வேண்டும். அங்கே சுத்தியல் சத்தம் கேட்காத சாயங்காலம் குறைவு. சத்தத்தையும் செல்லாக்காசையும் ஊர் சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டது.

பெட்டிக்கடைக்காரர் நான் கொடுக்கும் காசை எல்லாம் கல்லில் சுண்டிப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு முன்னால் நின்றவள் காசு அப்படியே கல்லாவுக்குள் போகும். என் காசு மட்டும் கல்லில் விழுந்து ணங்கென்று பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகும்.

இதற்கு நடுவில்தான் கோயமுத்தூரிலிருந்து அந்தக் காசு வியாபாரி வந்தார். கண்டக்டர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டாராம். சலவைச் சட்டை, தோல்பை, சிரித்த முகம். நாலணாவை அவர் முன் வைத்தோம். அதைக் கொஞ்ச நேரந்தான் பார்த்தார். அதைவிட நேரம் சார்ப்பில் இருந்த வைஸைப் பார்த்தார். என் கணவரின் கையைப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. காசு வாங்க வந்தவர் காசைத்தானே பார்க்க வேண்டும்?

“லேத்துல வேலைங்களா தம்பி?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“நல்ல வேலைங்க.”

நாலணாவுக்கு அவர் சொன்ன விலை குறைச்சல். கணவர் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக வியாபாரி தன் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் சிங்கம். எங்கள் நாலணாபோல ஒன்று மேடு ஒன்று பள்ளம் இல்லை, இரண்டுமே மேடு. நாணயச் சாலையில் வேலை பார்த்த ஒருவரின் குடும்பத்திலிருந்து வாங்கியது என்றார். என் கணவரின் முகம் போன போக்கைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, வாங்காமல் விடமாட்டார் என்று. புது பம்புசெட்டுக்காக மிச்சம் பிடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்து வாங்கினார். அதற்குப் பின் சில வாரம் கழித்துத்தான் நான் போசியில் அந்தச் சீவலைப் பார்த்தது.

அவர் வேலைக்குப் போன ஒரு காலையில் சார்ப்பைத் துழாவினேன். அரம், ஆக்சா பிளேடு, திருப்புளி எல்லாம் கிடந்த பெட்டியில் கிரீஸ் டப்பா ஒன்று. அதற்குள் எண்ணெய்ப் பஞ்சில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தேன். ஒரு ரூபாய்க் காசு. ஆனால் காசு இல்லை. ஒரு பக்கம் சிங்கமும் சுற்றி விளிம்பும் மட்டும் இருந்தன. உள்ளே முழுவதும் கடைந்து எடுத்து, சின்ன மூடிபோல ஆக்கியிருந்தது. அதனோடு ஒரு வட்டத் தகடு. அதன் ஒரு முகத்திலும் சிங்கம். மறு முகம் வழவழவென்று கடைந்து கிடந்தது.

எதற்கு என்று தெரியாமலே தகட்டை அந்த மூடிக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். க்ளிக் என்று உட்கார்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் சிங்கம். திருப்பிப் பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை. கள்ளக்காசு என்று ஊர் சொன்னது இப்போது என் கையில் இருந்தது. அதை முடித்து வைத்ததே என் கட்டைவிரல்தான்.

அந்த நேரம் பார்த்து வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு நங்கை வந்தார். என் கணவரின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவேன். பக்கத்துத் தோட்டத்தில் அவர் வீடு. காசை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“ஏன் அம்முணி, இந்நேரத்துல சார்ப்புல என்ன பண்ற?”

“அருவாளத் தேடறனுங்க.”

“அது வாசல்ல கெடக்குதே. உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். என்ற தம்பி பண்றது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“என்னதுங்க?”

“ஊருக்குள்ள நெம்பப் பேசறாங்க. கம்பெனில காசு அடிச்சுட்டு வந்து இங்க தட்டி முடிக்கறானாமா. போலீசு வந்து நின்னா என்ற ஊட்டுக்காரருக்கும் சேத்தித்தான் அசிங்கம். இல்லீன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, நான் போயி எல்லார் வாயையும் அடச்சுட்டு வாறேன்.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இடுப்பில் காசு குளிர்ந்துகொண்டிருந்தது. “எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க,” என்றேன். அந்த ‘எனக்குத் தெரிஞ்சு’ எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. நங்கை அதைக் கவனித்துவிட்டார். வந்த வழியே படலைத் தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கணவர் வந்து கைகால் கழுவும்வரை பொறுத்திருந்தேன். காசை அவர் முன் வைத்தேன்.

“மாமா, இது என்னங்க?”

 முதலில் வாசலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“யாராச்சும் பாத்தாங்களா?”

திருடனும் இதைத்தானே முதலில் கேட்பான் என்று எனக்குத் தோன்றியது. “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க,” என்றேன். அப்படி அதட்டி அவரிடம் நான் பேசியதே இல்லை.

வியாபாரியிடம் வாங்கிய காசை எடுத்துவந்தார். வாங்கிய மறுநாளே அவருக்கு உறுத்தியிருக்கிறது. தாளைப் புரட்டுவதுபோலத் திருப்பினால் பின்பக்கச் சிங்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அச்சைச் சரியாகப் பொருத்தாவிட்டாலும் அப்படி ஆகும் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டார். ஆனால் இரண்டு பக்கமும் சிங்கம் மேடாக விழ, மேலேயும் கீழேயும் சிங்க அச்சே இருக்க வேண்டும். மேல் அச்சு உட்காரும் இடத்தில் கீழ் அச்சு எப்படி உட்காரும்? அவருடைய பிரஸ்ஸில் உட்காரவே உட்காராது. நாணயச் சாலை மெஷினைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அதனால் உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. அறுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை, கொடுத்தது அவ்வளவு.

“அப்பறந்தான் ஒரு யோசன வந்துச்சு புள்ள. இதே மாதிரி ஒண்ண என்னால செய்ய முடியுதான்னு பாக்கலாம்னு. என்னால முடிஞ்சா அவனாலயும் முடிஞ்சிருக்குமல்லொ?”

“அதுக்குச் சொல்லாம கொள்ளாம போசில ஒளிச்சுக் கொண்டாரோணுமா?”

“கேட்டுல பாத்தா என்னன்னு சொல்றது? உங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். ரெண்டு துண்டையும் கடஞ்சு முடிச்சதுக்கப்பறம் பயமாயிருச்சு.”

“என்ன பயம்?”

நான் அழுத்திச் சேர்த்த காசை எடுத்து விளிம்பைப் பார்த்தார். “அவன் செஞ்சதவிட என்றது நல்லா வந்துருச்சு,” என்றார்.

இந்தப் பதில் என்னை ஆற்றவில்லை. பயம் இன்னும் கூடத்தான் செய்தது. துவைக்கும் கல்லிடம் போய் மூன்று காசுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். சுருக்குப்பையில் இருந்த சாதாரண ரூபாய் ணங்கென்று பாடி எழும்பியது. வியாபாரியின் காசு தட்டென்று விழுந்து படுத்தது. கணவரின் காசும் தட். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. விளிம்பின் உட்புறத்தைச் சாய்த்துப் பார்த்தேன். வியாபாரியின் காசில் தேடினால் தெரியும் அளவுக்கு வட்டமாக ஒரு மயிர்க்கோடு ஓடியது. கணவரின் காசில் அது எனக்குத் தெரியவே இல்லை. அவரே காட்டித்தான் கண்டுபிடித்தேன்.

வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்பது அதோடு முடிவாகிவிட்டது. ஆனால் என் கணவர் ஒன்றே ஒன்றுதான் செய்தார் என்பதற்கு அந்தக் கல்லில் பதில் இல்லை.

“இது ஒண்ணுதானுங்களா?” என்றேன்.

“ஒண்ணுதான்.”

அவர் கண்ணைப் பார்த்தேன். நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அடுத்து வந்த நாட்களில் போசியைக் கழுவுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 

அறுவடை முடிந்து கடலை காய்ந்துகொண்டிருந்தபோது வியாபாரி மறுபடி வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். கணவர் வேண்டுமென்றே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்.

“அந்த ரெண்டு சிங்கம் ரூவா எங்கீங்க கெடச்சுது?”

“அதுங்களா தம்பி? பழனி பக்கம் ஒரு கோயில் உண்டியல்ல இருந்து வந்ததுங்க.”

நான் வெளியே வந்துவிட்டேன். “போன தடவ நாணயச் சாலைல வேல பாத்தவரு ஊட்டுல வாங்குனதுன்னு சொன்னீங்களே,” என்றேன்.

வியாபாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்சமும் கலங்கவில்லை. பிறகு பார்வையை என் கணவர் பக்கம் திருப்பினார்.

“அம்முணிக்கு நல்ல ஞாபகங்க. சரி, ஒளிவு மறைவு எதுக்கு? நீங்க கண்டுபுடிச்சிருப்பீங்கன்னு எனக்கும் தெரியுமுங்க தம்பி. கண்டுபுடிக்கோணும்னுதான் குடுத்தேன். இப்ப எனக்குச் செஞ்சு குடுக்கறவனுக்குக் கை நடுங்குது, கோடு தெரியுது. உங்க கை நடுங்காது. மாசத்துக்கு நாலஞ்சு போதுமுங்க. கடையில குடுத்து மாத்தறதுக்கா கேக்கறோம்? சேத்தி வெக்கற பணக்காரங்களுக்குத்தான. அவுங்களுக்கும் சந்தோசம், நமக்கும் சந்தோசம்.”

என் கணவர் உடனே முடியாது என்று சொல்லவில்லை. எழுந்து சார்ப்புக்குப் போய் அவர் செய்த காசை எடுத்து வந்தார். வியாபாரி அதை வாங்கி, லென்ஸைக் கண்ணில் வைத்து, விளிம்பெல்லாம் சுற்றிப் பார்த்தார். அவர் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது.

“நெம்ப அருமைங்க,” என்றார்.

அந்தப் பாராட்டு என் கணவரை எங்கேயோ தொட்டுவிட்டது. தொழிற்சாலையில் அவர் கைவேலையை அப்படி லென்ஸ் வைத்து யாரும் பார்த்ததில்லை. காசைத் திரும்ப வாங்கிக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலை உலர்த்தியிருந்த களத்தில் கோழி கிளறுவது தெரிந்தது. ஓட்டப் போகவில்லை. அவர் சரி என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? பிறந்த வீட்டுக்குப் போவேனா? நங்கையிடம் போய்ச் சொல்வேனா? ஒன்றும் ஓடவில்லை.

“மாமா,” என்றேன். “கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியனுப்புங்க.”

அவர் எழுந்தார். இரண்டு காசையும் எடுத்துக்கொண்டு வைஸிடம் போனார். முதலில் வியாபாரியின் காசைச் செங்குத்தாக மாட்டி முடுக்கி, ஆக்சா பிளேடை எடுத்து அறுக்கத் தொடங்கினார். வியாபாரி “தம்பி, தம்பி” என்று ஓடிவந்தார். கணவர் நிமிரவில்லை. காசு இரண்டாகி விழுந்தபோது உள்ளிருந்த தகட்டின் பாதி தனியாகக் கழன்று மண்ணில் விழுந்தது. பிறகு தன்னுடையதை மாட்டினார். அதுவும் இரண்டானது. எல்லாத் துண்டுகளையும் வியாபாரியின் முன் வைத்தார்.

“இதுதானுங்க என்ற பதில்.”

வியாபாரி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “கோபத்துல அறுத்துட்டீங்க. பரவால்லீங்க. மறுபடி தோணுச்சுன்னா சொல்லியனுப்புங்க,” என்றார். கொடுத்த பணம் போனது போனதுதான். பம்புசெட்டும் அந்த வருஷம் வாங்கவில்லை.

நான் குறுக்கே பேசாமல் இருந்திருந்தால் கணவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை கேட்டேன். “அறுக்கறதுக்குத்தான எந்திரிச்சேன்,” என்றார். இருக்கலாம்.

அந்த வாரமே ஒரு போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்குள் வந்தார். காசுத் துண்டுகள் அப்போது ஜன்னல் கட்டையில் கிடந்தன. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அவற்றை மாட்டுத் தொட்டித் தவிட்டுத் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன். கணவர் எழுந்து நின்றார். போலீஸ்காரர் மலையாளமும் தமிழும் கலந்து, “இங்கே வைஸ் உண்டுன்னு கேட்டேன்” என்றார்.  அவர் சைக்கிளைச் சாய்த்து, வளைந்துபோன பிரேக் கம்பியைக் காட்டினார். நிமிர்த்தித் தர வேண்டுமாம். கணவர் நிமிர்த்திக் கொடுத்தார். அவர் கை நடுங்கி அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். போலீஸ்காரர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். எருமை அதற்குள் தொட்டியில் வாய் வைத்துவிட்டது. துண்டுகளை விழுங்கிவிடப் போகிறதே என்று ஓடிப்போய் அதன் மூக்குக்கயிற்றைப் பிடித்திழுத்தேன்.

தொழிற்சாலை வரைக்கும் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. கேட்டில் என் கணவரை மட்டும் நிறுத்திப் போசியைத் திறந்து பார்த்தார்கள். சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்தார். இவர் சொந்த வேலைக்கு லேத்தைத் தொட்டதை மட்டும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சில மாதம் லேத்தை விட்டு எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். பிறகு லேத்துக்கே அனுப்பினார்கள். நங்கை கொஞ்ச காலம் எங்கள் வேலிப் படலைத் தாண்டவில்லை. அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது தாண்டினார்.

பெட்டிக்கடைக்காரர் விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. ஒரு நாள் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் கல்லாவின் அடியிலிருந்து பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு பத்துப் பைசா. பூவிதழ்போல வளைந்து வளைந்து இருக்க வேண்டிய விளிம்பில் பாதியைக் காணோம். சிங்கம் ஓரத்துக்குத் தள்ளிப்போய் அரை முகத்தோடு நின்றது. “சேச்சி, இது நல்லதா கள்ளமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். புரட்டிப் பார்த்தேன். பின்பக்க எண்ணும் அதே திசையில் அதே அளவுக்குத் தள்ளியிருந்தது. தகடு நகர்ந்து அடிபட்ட நல்ல காசுதான். சொன்னேன்.

“அப்போ விலை உண்டா?”

“சேத்தி வெக்கறவங்க வாங்குவாங்க. எங்க ஊட்டுக்காரருகூட வாங்கிக்குவாரு.”

அவர் முகம் மாறியது. காசைச் சட்டென்று என் கையிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டிவிட்டார். நான் மட்டமாக விலை சொல்லித் தட்டிக்கொண்டு போகத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. நல்ல காசு என்று சொன்னதற்கும் சந்தேகம்! எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சீயக்காய்த் தூளுக்குக் காசு கொடுத்தேன். ஞாபகமில்லாமல் கல்லில் சுண்டாமலே கல்லாவில் போட்டுவிட்டார்.

எழுபதுகள் முடியப்போகும் சமயம். லேத்துக்குத் திரும்பி வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம் கணவர் வாசலிலேயே நின்று, உள்ளங்கையை விரித்து ஓர் எட்டணாவை நீட்டினார். விளிம்பில் ஓரிடத்தில் பிறைபோலக் கடித்து எடுத்திருந்தது. நீளத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் வெட்டு விழுந்தால் காசு இப்படிப் பிறையாகக் குறைபடும். அரத்தால் ராவியும் இதைச் செய்யலாம். வித்தியாசம் கடிபட்ட இடத்தைவிட எதிர்ப்பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும். வெட்டும்போதே குறைபட்ட காசை அச்சில் அழுத்தினால், பிறைக்கு நேர் எதிரே விளிம்பு சரியாக எழும்பாமல் மழுங்கிக் கிடக்கும். அச்சடித்த காசை எடுத்து ராவியிருந்தால் எதிர் விளிம்பு முழுசாக நிற்கும்.

காசை வாங்கினேன். அவர் எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிச்சம் விழும் பக்கம் திரும்பி, பிறையை விட்டுவிட்டு எதிர் விளிம்பைப் பார்த்தேன். நகத்தால் தடவினேன், மேடு மழுங்கியிருந்தது. பிறையின் ஓரத்தில் இருந்த எழுத்து அறுபடாமல், பள்ளத்தை நோக்கி இழுபட்டு மெலிந்திருந்தது. அரம் போட்ட கோடு எங்கேயும் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை பார்த்தேன். அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

“நல்ல காசுதானுங்க மாமா,” என்றேன்.

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா எதுக்கு எங்கிட்டக் குடுத்தீங்க?”

“நீ பாக்காம விடமாட்டே. அதான் மொதல்லயே குடுத்துட்டேன்,” என்றார். பிறகுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார்.